தங்கல்

நூலகத்தை மூடிவிட்டார்கள்.
என்னை ஊராட்சியின் தொலைபேசிக்கு மாற்றினார்கள்.
மேசைமேல் ஒரு தாள், தாளில் ஒரே வாக்கியம்:
சொந்த ஊராட்சிக்கு வெளியே இருக்கும்
ஓய்வு வீட்டில் இரவு தங்கக் கூடாது.
மீதியை நீயே பார்த்துச் சொல், சோல்ஃப்ரிட், என்று
கோட்டை மாட்டிக்கொண்டு போனார் மேலாளர்.

ஈஸ்டர் வந்தால் நார்வேயில் பாதிப்பேர்
மலைவீட்டுக்குக் கிளம்புகிறவர்கள்.
முதல் நாளே நாற்பத்திரண்டு அழைப்பு.
இரவு எத்தனை மணிக்குத் தொடங்குகிறது?
தெரியாது என்றேன். அந்த அம்மாள் விடவில்லை.
இந்த மாதத்தில் எட்டு மணிக்கும்
வாசலில் நின்று செய்தித்தாள் படிக்கலாமே, என்றார்.
இன்னொருத்திக்கு வீடு எல்லைக்கு அந்தப் பக்கம்,
கழிப்பறை இந்தப் பக்கம்.
விடிய விடிய அதில் உட்கார்ந்திருந்தால்?
உங்கள் விருப்பம் என்றேன்.

ஒருவர் மட்டும் தினமும் கூப்பிட்டார்.
பெயர் சொல்லவில்லை. குரலுக்குப் பின்னால்
ஒரு சுவர்க்கடிகாரம் நொண்டி நொண்டி ஓடியது.
"தங்கக் கூடாது என்றுதானே இருக்கிறது?
தூங்கக் கூடாது என்று இல்லையே?"
இல்லை என்றேன்.
"இரவெல்லாம் கண் விழித்து உட்கார்ந்திருந்தால்
அது தங்கலா?"
தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளை.

மேலே கேட்டேன். மேலிடம் அதற்கும் மேலே கேட்டது.
மூன்று நாள் கழித்து வந்தது பதில்:
விதியின் நோக்கத்தை மனத்தில் கொள்ளவும்.
நோக்கம் புரியாமல் இல்லை.
அந்தச் சின்ன ஊரின் மருத்துவமனையில்
படுக்கை நான்கு. பனிச்சறுக்கில் யாருக்காவது
கால் ஒடிந்தால் அதில் ஒன்று போயிற்று.
அவரிடம் சொன்னேன்.
"நான் சறுக்குகிறவன் இல்லை,
நாற்காலியில் உட்காருகிறவன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் சறுக்குக்கட்டைகளை எடுத்தேன்.
வெளியே போங்கள், காற்று வாங்குங்கள்,
கூட்டம் சேராதீர்கள் என்று
ஊருக்கெல்லாம் சொன்ன வாய்.
எதுவரை போகலாம் என்று
எனக்கே ஒருமுறை அழைத்துக் கேட்டிருக்கலாம்.

ஏரி உறைந்து கிடந்தது. வரைபடத்தில்
அதன் நடுவே ஊதா நிறத்தில் எல்லை ஓடும்.
பனியில் ஊதா இல்லை. ஒரு முயலின் தடம்
அந்தப் பக்கம் போய், எதையோ மறந்ததுபோல்
திரும்பி வந்திருந்தது.

நடு ஏரியில் ஒரு மனிதர்.
கலைமான் தோல் விரித்த மடக்கு நாற்காலி,
பனியில் துளை, துளையில் தூண்டில்.
அக்கரையில், கூப்பிடு தூரத்தில், பச்சைக் கதவோடு
ஒரு மரவீடு. கூரையில் யாரும் தள்ளாத பனி.
"இந்தப் பக்கம்தான் இருக்கிறேன்"
நான் கேட்காமலே சொன்னார்.
"கைப்பேசி ஒரு நேரம் இங்கே என்கிறது,
ஒரு நேரம் அங்கே என்கிறது.
அதனால் இருபது அடி தள்ளியே போட்டேன்."

அதே குரல். கடிகாரம் மட்டும் இல்லை.

கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு
கேட்டேன்: பகலில் போகலாமே?
கூரைப் பனியையாவது தள்ளலாமே?
"போகலாம். போனால் அடுப்பு மூட்டுவேன்.
மூட்டினால் எழுந்து வரமாட்டேன்.
ஊராட்சியில் ஒரு பெண் இருக்கிறாள், பாவம்,
எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்கிறாள்.
அவளிடம் இதை மட்டும் சொல்லவில்லை."

ஈஸ்டருக்கு வாங்கி மிஞ்சிய ஆரஞ்சு ஒன்றை
பனிமேல் உருட்டிவிட்டார்.
அது என்னிடம் வராமல் எல்லைப் பக்கமாகப் போனது.
போய் எடுத்து வந்தேன்.
அபராதம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்;
ஆரஞ்சுக்கு உண்டா என்று தெரியாது.

அதற்குப் பிறகு பேச்சில்லை. மீனும் இல்லை.
தூண்டில் நூல் கண்ணுக்குத் தெரியாமல் போனபோது
அவர் நாற்காலியை மடக்கினார்.
மணி பார்த்தேன்: ஒன்பது பத்து.

திங்கட்கிழமை அதைத் தாளின் பின்பக்கத்தில்
எழுதி வைத்தேன்,
அந்த அம்மாள் கேட்டால் சொல்ல.
அவர் கூப்பிடவில்லை.